மடற்பனைக் கனியா? திறமூல இயங்குதளங்களின் எளிமை பற்றி ஓர் ஆய்வு

“லினக்ஸ் நல்லது, விலையின்றியும் கிடைக்கிறது, ஆயினும் நம் போன்றோர் கையாளக்கூடியது அன்று” என்பார் ஒருசாரார். “கையாள்வதில் இடர் ஒன்றுமே இல்லை; பழக்கமின்மையே உங்கள் குறை” என்பார் மற்றொருசாரார். முன்னவர் கூற்றில் அச்சம் மிகுதி. பின்னவர் கூற்றில் செருக்கு மிகுதி. இரண்டிற்கும் நடுவே உண்மை எங்கே கிடக்கிறது என்று ஆராய்வது இன்று பொழுதுபோக்கான சொற்போர் அன்று. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லும் ஏறத்தாழ 2018க்குப் பிந்திய செயலியும் உள்ள கணினிகளையே ஏற்கும். ஆகவே, பழுதேதும் இல்லாத கணினிகள் பல, வயது ஒன்றே குற்றமாக, ஒதுக்கப்படும் நிலையில் உள்ளன. வீட்டில் அத்தகைய கணினி ஒன்றை வைத்திருக்கும் தமிழாசிரியர் அதனை எறிவதா, அதில் லினக்ஸை ஏற்றுவதா என்னும் வினாவுக்கு விடை கண்டாக வேண்டும்.

திறமூல இயங்குதளம் என்பது, தன் மூலவரிகளை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடப்படுவது. கட்டற்ற மென்பொருள் என்று பெயர் சூட்டி இவ்வுரிமையை ஓர் இயக்கமாக்கியவர் ரிச்சர்டு ஸ்டால்மன். அவ்வியக்கம் பிறந்த கதையில் ஓர் அச்சுப்பொறி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் இருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், உரியவர்க்குக் கணினியே செய்தி அனுப்புமாறு அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980ஐ ஒட்டிச் செராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதன் மூலவரிகள் அவருக்குக் கிடைக்கவில்லை, திருத்தவும் முடியவில்லை. அந்த மனக்குறை வளர்ந்து 1983இல் ‘குனூ’ திட்டமாயிற்று. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய ‘லினக்ஸ்’ கரு அதனோடு சேர, முழுமையான இயங்குதளம் ஒன்று உருவாயிற்று.

அச்சுப்பொறியை நினைவூட்டியதற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு எரிக் ரேமண்டு என்பார் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கற்றுக்குட்டி அல்லர். திறமூல முறையின் மேன்மையை உலகுக்கு எடுத்துரைத்த ‘பேராலயமும் சந்தையும்’ என்னும் புகழ்பெற்ற கட்டுரையை 1997இல் எழுதியவரே அவர். அத்தகையவர், தம் வீட்டில் வேறொரு கணினியோடு இணைந்திருந்த அச்சுப்பொறியைத் தம் லினக்ஸ் கணினியிலிருந்து இயக்க முயன்று அல்லற்பட்டார். ‘கப்ஸ்’ எனப்படும் அச்சிடு மென்பொருள், அவர் அறிந்திராத பெயர்களை வரிசையாக நிறுத்தி, ‘இவற்றுள் எது வேண்டும்?’ என்று கேட்டது. எது வேண்டும் என்று அறிந்துகொள்ள வழி சொல்லவில்லை. கணினி அறியாத முதியவள் ஒருத்தியை உருவகமாக வைத்து, அவள் இவ்விடத்தில் என்ன செய்வாள் என்று ரேமண்டு வினவினார். தேவையற்றதை அறியாமலே இருந்துவிடும் வசதியைப் பயனர்க்கு அளிப்பதே நல்ல மென்பொருளின் கடமை என்பது அவர் கண்ட முடிவு. தம் பக்கத்துக் குறையைத் தாமே எடுத்துச் சொன்ன அவருடைய நேர்மை பாராட்டுக்குரியது.

ஆனால் இக்கதையின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. அதே ‘கப்ஸ்’ மென்பொருளை ஆப்பிள் நிறுவனம் 2002 முதல் தன் மாக் கணினிகளில் அமைத்துக்கொண்டது. 2007இல் அதனை விலைக்கே வாங்கியது. மாக் கணினியில் அச்சிடுவது எளிது என்று புகழ்வோர் அனைவரும், ரேமண்டை வாட்டிய அதே எந்திரத்தையே அறியாமல் புகழ்கின்றனர்! உள்ளே ஓடும் பொறி ஒன்றுதான். முன்னே நின்று பேசும் முகம் வேறு. திறமூலம் என்பதனாலேயே ஒரு மென்பொருள் கடினமாகிவிடும் என்பது பொருந்தாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கையிலிருக்கும் ஆண்டிராய்டுப் பேசிகள் லினக்ஸ் கருவின்மேல் கட்டப்பட்டவை. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு வழங்கப்பட்ட கற்றல் கருவிகளுள் ஒன்றாகிய குரோம்புக்கின் அடியிலும் லினக்ஸே இருக்கிறது. லினக்ஸைக் கையாள முடியாது என்று சொல்லும் ஆசிரியரின் மாணவர், அதனை நாள்தோறும் கையாண்டு கொண்டிருக்கலாம்.

அவ்வாறாயின் இடர் எங்கே?

அன்றாடப் பணியில் இல்லை என்றே துணிந்து கூறலாம். உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற வெளியீடுகளில் ஒன்று ஒழுங்காக நிறுவப்பட்ட கணினியின்முன் ஒருவரை அமர்த்தினால், பயர்பாக்ஸில் இணையம் காணவும், லிப்ரே ஆபீஸில் பாடக்குறிப்பு எழுதவும், படங்களைச் சேமிக்கவும் அவர்க்குத் தனிப்பயிற்சி பெரிதாக வேண்டியதில்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யவேண்டும் என்பது பழைய அச்சம். 2004 அக்டோபரில் உபுண்டு வெளிவந்ததும், குறுந்தட்டை வேண்டியவர் வீட்டுக்கே அஞ்சலில் இலவசமாக அனுப்பியதும், அவ்வச்சத்தைப் பெரிதும் போக்கின.

இடர் வருவது வழக்கம் முறியும் நாளில். கம்பியில்லா இணைப்பு திடீரென்று நின்றுவிடும் நாள். புதிய அச்சுப்பொறி வாங்கிவந்த நாள். புதுப்பித்த பின் ஒலி வாராத நாள். இவை விண்டோஸிலும் வருவனவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. விண்டோஸைத் தம் கையால் நிறுவியவர் நம்மில் எத்தனை பேர்? கடையில் வாங்கும்போதே அது கணினியில் குடியேறியிருக்கும்; கருவிகளைச் செய்யும் நிறுவனங்கள் அதற்கேற்ற இயக்கிகளை முதலில் எழுதித் தருகின்றன; பழுதானால் அண்டை வீட்டு இளைஞர்க்கும் கடைக்காரர்க்கும் அது தெரியும். லினக்ஸை நாடும் எளியவரோ, நிறுவுபவரும் தாமே, பழுது பார்ப்பவரும் தாமே என்னும் நிலையில் நிற்கிறார். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘இது எளிது, அது கடிது’ என்று தீர்ப்பளிப்பது நடுநிலை ஆகாது. எனினும், தராசு சரியில்லை என்று சொல்லிவிட்டதனால் அவர் இடர் தீர்ந்துவிடப் போவதுமில்லை.

தனித்து நிற்பவர்க்கு எஞ்சும் துணை, எழுதி வைக்கப்பட்ட விளக்கங்களே. இங்கேதான் திறமூல உலகின்மீது நாம் சாட்டும் முதன்மைக் குற்றம் உள்ளது. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில், ஆசிரியர் ஆகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கினை உவமை காட்டினார் அல்லவா? தமிழாசிரியர்க்கு அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. கழற்காய்களை ஒரு முறையில் இட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், அவை வேறொரு முறையில் வந்து விழும். லினக்ஸ் பற்றிய விளக்கங்களிற் பல அவ்வாறே உள்ளன. முதலில் அறியவேண்டியது ஈற்றிலும், ஈற்றில் அறியவேண்டியது முதலிலுமாக வருகின்றன. பத்தாண்டுக்கு முந்திய வெளியீட்டுக்கு எழுதிய தீர்வு, இன்றைய வெளியீட்டுக்கும் உரியது போலத் தோற்றந் தருகின்றது. மடற்பனையோ, கனியுடையது, ஆயினும் ஏற வருவோரைக் கருக்கினால் கிழிப்பது. ‘முனையத்தைத் திறந்து இவ்வரியை இடுக’ என்று ஒரே சொல்லில் முடிக்கும் விடை அத்தகையது. அந்த வரி என்ன செய்யும், பிழைத்தால் என்ன நேரும் என்பன சொல்லப்படுவதில்லை. விடை கூறுவோர் அறிவிலரோ கொடியரோ அல்லர், ஊதியமின்றி உதவுவோர். ஆயினும் தம்மொத்தார்க்கே எழுதிப் பழகியவர்கள். மாணவனின் கொள்திறன் அறியாத புலமை வகுப்பறையில் எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவே இதுவும் பயன்படும். (முடத்தெங்கினை யாருக்கு உவமையாக்குவது என்றால், விலை கொடுத்து வாங்கியவரின் வழக்கங்களை ஒற்றறிந்து, காயை வேலிக்கு அப்பால் உதிர்க்கும் வாணிக மென்பொருள்களை நினைத்துக்கொள்ளலாம்.)

இக்குறையை அவ்வுலகத்தார் உணராமல் இல்லை. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், ‘க்னோம்’ என்னும் திரைமுகத்தைப் பொதுப் பயனர் சிலரிடம் கொடுத்து, அவர்கள் எங்கெங்கே தடுமாறுகின்றனர் என்று உற்றுநோக்கி அறிக்கை வெளியிட்டது. அதன் பயனாக 2002இல் வந்த க்னோம் 2, தேவையற்ற அமைப்புகள் பலவற்றை நீக்கி எளிமை பெற்றது. உடனே எழுந்தது எதிர்ப்பு! லினக்ஸ் கருவைப் படைத்த டோர்வால்ட்ஸே, பயனரை அறிவிலிகளாக எண்ணுகின்றனர் என்று சினந்து, க்னோமை விடுத்துக் ‘கே.டி.இ.’ திரைமுகத்தைக் கொள்ளுமாறு 2005இல் உரைத்தார். வல்லுநர்க்கு வேண்டியது ஒன்று, எளியவர்க்கு வேண்டியது மற்றொன்று. இருவர்க்கும் ஒரே கருவியைச் செய்வோர் இருவரின் சினத்துக்கும் ஆளாகின்றனர்.

இதனினும் பெரிய தவறு ஒன்று 2011இல் நேர்ந்தது. க்னோம் 3 பழைய பட்டியல்களையும் பணிப்பட்டையையும் துறந்து முற்றிலும் புதிய கோலம் பூண்டது. உபுண்டு தன் பங்குக்கு ‘யூனிட்டி’ என்னும் வேறொரு முகத்தை அணிந்துகொண்டது. 2017இல் அதனையும் கைவிட்டு மீண்டும் க்னோமுக்கே திரும்பியது. ஏழாண்டுக்குள் இருமுறை வீட்டின் வாசலை இடம் மாற்றினால் குடியிருப்போர் என்செய்வர்? பழக்கம் என்பது அறியாமையின் மறுபெயர் அன்று. உழைத்துச் சேர்த்த செல்வம் அது. அதனைப் பறிப்போர் தக்க காரணம் காட்டக் கடமைப்பட்டவர். மைக்ரோசாப்டும் 2012இல் விண்டோஸ் 8இல் தொடக்கப் பொத்தானை நீக்கி இதே தவற்றைச் செய்தது. ஆயினும் ஒன்று காண்க. விண்டோஸ் பயனர்க்கு அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருப்பதன்றி வேறு வழி இல்லை. லினக்ஸ் பயனர்க்கோ, பழைய க்னோமை அப்படியே காத்துத்தர ‘மாட்டே’யும், பழகிய அமைப்பையே புதிதாகச் செய்துதர மிண்ட் குழுவினரின் ‘சின்னமன்’னும் விரைவில் எழுந்தன. மூலவரிகள் திறந்திருந்ததால் அல்லவா அது இயன்றது? வெளியீடுகள் பலவாய்ப் பிரிந்து கிடப்பதை ஒரு குறையாகவே கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும். புதியவரை மயக்கும் அதே பன்மைதான் பழையவர்க்குப் புகலிடமாகவும் நின்றது.

இனித் தமிழில் எழுதுவோர்க்கு இது எவ்வாறு என்று பார்ப்போம். எழுத்துருத் தோற்றத்தில் பழைய குறை தீர்ந்தது. கொம்பும் காலும் இடம் மாறி நின்ற காலம் போயிற்று. ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் திறமூல நிரல் லிப்ரே ஆபீஸிலும் பயர்பாக்ஸிலும் ஆண்டிராய்டிலும் தமிழ் எழுத்துகளைச் செவ்வனே கோத்துத் தருகிறது. லோகித், நோட்டோ ஆகிய தமிழ் எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

தட்டச்சில் குறை தீரவில்லை. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகளை இப்பகுதி வாசகர் அறிவர். சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் வந்தன. டிஸ்கி என்பது அவற்றுக்குப் போட்டியாக நின்ற மற்றொரு முறை. யூனிகோடு வேரூன்றியபின் அம்முறைகள் வழக்கொழிந்தன. ஆனால் லினக்ஸில் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கச் சென்றால், அப்பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்னும் பெயர் ஒன்றல்ல, பலவாக வந்து நிற்கும்: ஒன்று தமிழ் எண்களோடு, ஒன்று டாப் குறியீட்டில், ஒன்று டிஸ்கியில். ‘எம்17என்’ என்னும் தொகுப்பைச் சேர்த்தால் இன்னொரு தமிழ்99 தோன்றும். நாம் கற்ற முறைப்படி மெய்யும் உயிரும் தாமே இணைந்து உயிர்மெய் ஆவது இந்தக் கடைசி ஒன்றில்தான். ஏனையவற்றைத் தேர்ந்தவர் எழுத்து தவறி வரக்கண்டு, ‘லினக்ஸில் தமிழ் சரியில்லை’ என்று எழுந்துபோவார். தமிழ் அங்கே சரியாகவே இருக்கிறது. இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மரம்தான் இல்லை. கால் நூற்றாண்டுக்கு முந்திய குறியீட்டுப் பூசலின் வரலாற்றைக் கற்றவரே தட்டச்சு செய்யலாம் என்பது என்ன நீதி? இப்பட்டியலைத் திருத்துவதற்குப் பெரும்பொருள் வேண்டா. தமிழறிந்தார் ஓரிருவர் அத்திட்டத்தாரிடம் முறையிட்டாலே போதும்.

பட்டியற் சொற்களும் இவ்வாறே. ஓரிடத்தில் ‘அடைவு’ என்றும் மற்றோரிடத்தில் ‘கோப்புறை’ என்றும் ஒரே பொருளைச் சுட்டுகின்றனர். தன்னார்வத்தால் மொழிபெயர்த்தோரைக் குறைகூறுதல் தகாது. அவர்கள் இல்லையேல் ஒரு சொல்லும் தமிழில் வந்திராது. ஆனால் மென்பொருள் அறிந்தோரே சொல்லையும் ஆக்கினர். சொல் அறிந்தோர் விலகி நின்றனர். அந்த விலகலில் நம் ஆசிரியர் குழாத்துக்கும் பங்குண்டு.

பழைய ஆவணங்கள் ஒரு தனித் தொல்லை. விண்டோஸோடு வரும் ‘லதா’ எழுத்துருவில் அமைத்த வினாத்தாள் லினக்ஸில் திறக்கப்படும்போது, அவ்வெழுத்துரு இன்மையால் வேறொன்று அதன் இடத்தில் அமரும். எழுத்தின் அகலம் மாறும், வரி நீளும், இரண்டு பக்கத் தாள் மூன்றாம் பக்கத்துக்கு ஒழுகும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் எழுதியவையோ உருத்தெரியாமல் சிதையும். இக்குறை லினக்ஸால் விளைந்ததன்று எனினும், துன்பம் லினக்ஸுக்கு மாறிய அன்றுதான் கண்முன் வருகிறது.

ஊரளவில் இம்மாற்றத்தைச் செய்து பார்த்த இரண்டு இடங்களை ஒப்பிட்டால் இடரின் வேர் இன்னும் தெளிவாகும். செருமனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியும் முடித்தது. ஆயினும் ஊழியரிடையே முணுமுணுப்பு ஓயவில்லை. 2017இல் நகரமன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. லினக்ஸ் தோற்றது என்று பலர் இதனையே எடுத்துக்காட்டுவர். ஆனால் 2016இல் நகராட்சிக்காக ஆலோசனை நிறுவனம் ஒன்று அளித்த அறிக்கை, குறைகளின் பெரும்பகுதி இயங்குதளத்தில் இல்லை, கணினிப் பணி பல துறைகளில் சிதறிக் கிடந்த நிருவாக அமைப்பில்தான் உள்ளது என்று காட்டியிருந்தது. வெளியாரிடமிருந்து வரும் ஆவணங்கள் உருச்சிதைந்து திறப்பதும் ஊழியரைச் சலிப்புறச் செய்தது. 2020இல் புதிதாகப் பொறுப்பேற்ற கூட்டணியோ மீண்டும் திறமூலத்தையே விரும்புவதாக அறிவித்தது!

கேரள மாநிலம் வேறு வழியிற் சென்றது. 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளையே தழுவிக்கொண்டது. 2017இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு அதனை அளித்தனர். அங்கே இயங்குதளம் மியூனிக்கில் இருந்ததைவிட எளிதாக இருந்ததா? இல்லை. ஆசிரியர்க்கு முதலிற் பயிற்சி தந்தனர். பயின்ற ஆசிரியரே பிற ஆசிரியர்க்குக் கற்பித்தனர். பாடநூலும் அவ்வியங்குதளத்தை வைத்தே எழுதப்பட்டது. கருவியோடு ஆசிரியரும் பக்கத்தில் இருந்தார். மியூனிக் ஊழியர்க்கும், வீட்டில் தனித்து நிற்கும் பயனர்க்கும் கிட்டாதது அதுவே. எளிமை என்பது திரையிலுள்ள பொத்தான்களின் பண்பு மட்டும் அன்று. இடர் நேர்ந்த பொழுதில் யாரிடம் கேட்பது என்னும் வினாவுக்குரிய விடையும் அதன் பாதியாகும்.

ஆகவே, பழைய கணினியை வைத்துக்கொண்டு எண்ணமிடும் அன்பர்க்கு ‘மாறுக’ என்றோ ‘மாறற்க’ என்றோ பொதுவாக உரைப்பது பொருந்தாது. நிறுவாமலேயே லினக்ஸை ஒரு யூ.எஸ்.பி. செருகியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பது பலர் அறியாத செய்தி. கணினியில் உள்ள விண்டோஸுக்கும் கோப்புகளுக்கும் அதனால் மாற்றம் நேராது. அவ்வாறு இயக்கும்போது இணையம் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடாமல், கம்பியில்லா இணைப்பையும் வீட்டு அச்சுப்பொறியையும் சோதிக்கவேண்டும். தமிழ்99இல் ஒரு பத்தி எழுதிப் பார்க்கவேண்டும். சென்ற ஆண்டு வினாத்தாள் ஒன்றைத் திறந்து பக்கங்களை எண்ணவேண்டும். பள்ளியோ வங்கியோ விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருளைக் கட்டாயமாக்கியிருந்தால், அந்த ஒன்றே மாற்றத்துக்குத் தடையாகும். அத்தடை இல்லாதவர், லினக்ஸ் அறிந்த நண்பர் ஒருவர் தொலைபேசிக்கு எட்டும் தொலைவில் இருப்பாராயின், தயங்காமல் நிறுவலாம். அப்படி ஒருவரும் இல்லையாயின், ஒரே பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர் மூவர் நால்வர் சேர்ந்து ஒரே வெளியீட்டை, ஒரே நாளில், தத்தம் கணினியில் நிறுவிக்கொள்வது நன்று.